பல்லி சொன்ன பலன்

மூன்று வருடம் அது நோட்டில்தான் இருந்தது.
ஏட்டில் காய்த்த சுரைக்காய்க்கு
எட்டு நிறத்தில் லோகோ வரைந்தேன்.
கம்பெனிக்குப் பெயர் மட்டும் முப்பத்தேழு.
ஒவ்வொன்றுக்கும் இணைய முகவரி கிடைக்கிறதா என்று
இரவு ஒரு மணிக்குத் தேடிப் பார்த்துவிட்டு
ஏதோ வேலை முடித்தவள்போல் தூங்குவேன்.

யோசனை இதுதான்:
டோங்காட்டில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும்
என்று குழாய்க்கே தெரியாது.
வீட்டுக்கு வீடு பச்சைத் தொட்டி.
எவ்வளவு மிச்சம் என்றறிய
ஏணி வைத்து ஏறி மூடி திறக்க வேண்டும்,
அல்லது விரல் முட்டியால் தட்டித் தட்டி
ஓசை மாறும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.
தொட்டியே ஃபோனுக்குச் செய்தி அனுப்பினால்?

டர்பனில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில்
நாலு நிமிடம் கொடுத்தார்கள். பதினேழு ஸ்லைடு.
"சந்தையின் அளவு?" என்றார் ஒருவர்.
சொன்னேன், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை.
"எத்தனை தொட்டியில் மாட்டியிருக்கிறாய்?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.
ஏசியின் சத்தம் நன்றாகக் கேட்டது.

திரும்பும் டாக்ஸியில்
இடப்பக்கம் கரும்பு, வலப்பக்கம் கடல்.
பின் ஸீட்டிலிருந்து கைமாறிக் கைமாறி
காசு முன்னே போயிற்று, சில்லறை பின்னே வந்தது.
பதினைந்து பேர். யாருக்கு எவ்வளவு பாக்கி
என்பதில் ஒரு பிசகும் இல்லை. ஒரு ஸ்லைடும் இல்லை.

சனிக்கிழமை லுங்கெலோவிடம் போனேன்.
தொட்டி பொருத்துகிறவன்.
லோகோவைக் காட்டினேன்.
"உள்ளே தண்ணி போகுமா?"
"லோகோவுக்குள்ளா?"
"பெட்டிக்குள்ளே."
போகும். நான் யோசிக்கவே இல்லை.
நோட்டில் மழை பெய்வதில்லை.

சாப்பாட்டு டப்பா ஒன்று, ஸிலிகான் பசை,
பழைய கார்க் கதவின் ரப்பர்.
கோகிலம் மூட்லியின் சலவைக் கடைத் தொட்டியில் மாட்டினோம்.
"சும்மாதானே?" என்றார்.
ஆமாம் என்று வாய் திறப்பதற்குள்
"மாசம் அறுபது ராண்ட்" என்றான் லுங்கெலோ.
இடி விழவில்லை. அவர் தலையாட்டினார்.

நாலு நாள் சரியாகச் சொன்னது.
ஐந்தாம் நாள் காலையிலிருந்து நூறு சதவீதம்.
பெருமையாகத் திரையைப் படம் பிடித்து வைத்தேன்.
மாலையில் அழைத்தார்:
"உன் மெஷின் ரொம்பியிருக்குங்குது,
என் மெஷின் காஞ்சிருக்குங்குது.
எது பொய்?
பன்னிரண்டு போர்வை நுரையோட கிடக்குது."

ஏணியின் ஒரு கால் ஆடியது.
பையில் வேறொன்றும் இல்லை,
நோட்டை மடித்து அடியில் கொடுத்தேன்.
மூடி திறந்து டார்ச் அடித்தால்
சென்சாரின் வாயை அடைத்தபடி
ஒரு பல்லி.
அனுப்பிய ஒலி அதன் வயிற்றில் பட்டுத் திரும்பி
தண்ணீர் விளிம்புவரை என்று சத்தியம் செய்திருக்கிறது.
பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று
பஞ்சாங்கத்தில் பக்கம் பக்கமாய் உண்டு.
தொட்டிக்குள் சொன்னால் என்னவென்று இல்லை.

லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று
வாளி வாளியாய்ச் சுமந்தோம்.
லுங்கெலோ ஒரு முனை, நான் ஒரு முனை,
பன்னிரண்டு போர்வையும் முறுக்கிப் பிழிந்தபோது
மணி பதினொன்றரை. நனைந்த கம்பளி
இவ்வளவு கனக்கும் என்று எந்தப் பக்கத்திலும் நான் எழுதியதில்லை.

அன்றிரவு எழுதியது ஒரே வரி, நிரலில்:
ஒரு நொடியில் நிரம்பினால் நம்பாதே.

மாதக் கடைசியில் கோகிலம்
போர்வைக்கு ஒரு ராண்ட் பிடித்துக்கொண்டு
நாற்பத்தெட்டை எண்ணி வைத்தார்.
அதில் ஒரு காசு ஈரமாக இருந்தது.

பெயர் இன்னும் வைக்கவில்லை.
நேற்று கோழிக் கடையிலிருந்து அழைப்பு.
ரெண்டு தொட்டியாம், எப்போது வர முடியும் என்று கேட்டுவிட்டு,
சந்தேகத்தோடு,
"நீங்கதானே அந்தப் பல்லிக்காரி?"